பிள்ளைக்கும் பூரண சம்மதம்

ஒஸ்லோத் தமிழர் மத்தியில் ஜெயரத்தினம் சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சனம் கொடுத்ததா, அவரே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டாரா என்று யாரும் விசாரித்ததில்லை. கிழமை நாட்களில் மோர்டென்ஸ்ருட்டுக்கும் ஹவுகெட்டோவுக்கும் இடையில் பேருந்து ஓட்டுவார். சனி ஞாயிறுகளில் கல்யாணம் பேசுவார். தரகர் என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேச்சை முற்றாக்கிக் கொடுப்பார், மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் இருப்பார், அந்த மரியாதை அவருக்குப் போதும்.

கல்யாணப் பேச்சில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு பக்கமும் சொல் கொடுத்துவிட்டால், மற்ற இடங்களிலிருந்து வந்த சாதகங்களை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதைவிடத் திறமான இடமொன்று தேடி வந்தாலும் பெண்ணின் காதில் போடக்கூடாது. போட்டால் பிள்ளையின் மனம் குழம்பும். பெரியவர்களே மரியாதையாகப் பதில் எழுதி முடித்துவிட வேண்டும். எழுதும்போது கடைசியில் "பிள்ளைக்கும் இதில் பூரண சம்மதம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்போதுதான் வந்தவர்கள் மறுபடி வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். இந்தச் சட்டத்தை வைத்தே இருபது வருடத்தில் முப்பது கல்யாணம் ஒப்பேற்றிவிட்டார். அந்த முப்பதில் எத்தனை சோடி இப்போதும் ஒரே வீட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் உதைபந்தாட்டத்தில் வைத்தார். வந்தது வினை.

மகள் தர்மிகா கோல் காப்பாளர். எட்டு வயதில் கையுறை போட்டவள். இடது கைச் சின்னவிரல் இரண்டு தரம் முறிந்ததில் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கும். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளுக்கு விளையாட உலகமெல்லாம் பிள்ளைகளைத் தேடி எடுக்கிறார்கள், திறமைசாலிகளுக்குப் புலமைப்பரிசிலும் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் ஓர் அணிக்கு மூன்று காப்பாளர்தான், மிஞ்சினால் நான்கு. வருடத்துக்கு ஒரு இடம் காலியானால் பெரிய காரியம். அந்த ஒரு இடத்துக்காக மார்கழிக் குளிரில் விடியற்காலைப் பயிற்சிக்குப் போனாள். சிநேகிதிகள் எல்லாம் கோடையில் கடலுக்குக் குளிக்கப் போக, இவள் அறைக்குள் இருந்து தன் ஆட்டக் காணொளிகளை வெட்டி ஒட்டிப் பயிற்றுநர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பதினேழு வயதில், ஒரு ஜூன் மாதம், டானியல் என்ற பயிற்றுநர் பிடிபட்டார். பெரிய பல்கலைக்கழகம், சிவப்புச் சட்டை அணி. காணொளி அழைப்பில் தொலைக்காட்சித் திரை நிறைய அவருடைய முகம் வந்தது.

"தர்மிகா, நீதான் என்னுடைய அடுத்த காப்பாளர். உன்னுடைய இடம் இங்கே இருக்கிறது. இது என் வாக்கு," என்று ஆங்கிலத்தில் சொல்லி, நெஞ்சில் கை வைத்தார்.

ஜெயரத்தினம் அந்த அழைப்புக்காகக் கோட்டுப் போட்டு இருந்தார். மனைவி கமலாதேவி திரையில் தெரியாத மூலையாகப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்தாள். நெஞ்சில் வைத்த அந்தக் கைதான் மனுசனை விழுத்தியது. அவரும் தன் நெஞ்சில் கை வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் பக்கத்துச் சொல்லும் சொல்தான் என்றார். டானியல் பல் தெரியச் சிரித்தார். சம்பந்தி சிரித்ததாக இவர் எடுத்துக்கொண்டார்.

கழகத்தில் தர்மிகாவுக்குப் பயிற்சி கொடுக்கும் றெபேக்கா மன்னார்க் குடும்பத்துப் பெண். இந்த விசயங்கள் தெரிந்தவள். அடுத்த நாள் மைதானத்து வேலியோரம் ஜெயரத்தினத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள்.

"அங்கிள், இது வாயாலை சொல்லுறதுதான். நவம்பரிலதான் கையெழுத்து. அதுவரைக்கும் அவையும் மாறலாம், நாங்களும் மாறலாம். ஒருத்தரும் அதைப் பிழையா எடுக்க மாட்டினம். மற்றக் கோச்மாரோடையும் கதைச்சுக்கொண்டு இருக்கட்டும்."

"பிள்ளை, நாங்கள் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை," என்றார் ஜெயரத்தினம்.

மகள் அப்போது இன்னும் நான்கு பயிற்றுநர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாள். அன்றைக்கே அந்த நான்கு பேருக்கும் நன்றி, வேண்டாம் என்று எழுதச் சொன்னார். அவள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அப்பா, எல்லாரும் ரெண்டு மூண்டு இடம் வைச்சிருப்பினம்."

"எல்லாரும் செய்யிறதைப் பற்றி எங்களுக்கு என்ன? ஒரு இடத்தில சொல் குடுத்திட்டு மற்ற இடத்தைச் சாடை பார்க்கிறது நல்ல வீட்டுப் பிள்ளையளுக்கு அழகில்லை."

அவள் எழுதினாள். அப்பாவுக்கு இந்த மாதிரி விசயங்களில் அனுபவம் உண்டு என்று நம்பினாள். அனுபவம் உண்டுதான், எதில் என்று அவள் யோசிக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் போட்டி நடந்தது. செயலாளர் பிரசாந் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் கழகத்தின் தங்கை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறார் என்று மூன்று தரம் அறிவித்தான். சிவப்புத் தொப்பி போட்ட ஜெயரத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் போய்த் தானாகவே பேச்சை எடுத்தார்.

செப்டம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது.

ஹானா என்ற பெண் பயிற்றுநர் எழுதியிருந்தாள். மலைப்பக்கத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். வேறொரு பிள்ளையைப் பார்க்க ஒஸ்லோவுக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிர்க் கோலில் நின்ற தர்மிகாவைக் கண்டிருக்கிறாள். அவள் மறித்த இரண்டு தண்ட உதைகளைப் பற்றி ஒரு பந்தி முழுக்க எழுதியிருந்தாள். பதினெட்டு ஆகாத பிள்ளை என்பதால் கழக அலுவலகத்தில் தகப்பனின் முகவரியைத்தான் தந்தார்களாம். "நீங்கள் அனுமதித்தால் உங்கள் மகளோடு பேச விரும்புகிறேன். முழுப் புலமைப்பரிசில் தர என்னால் முடியும். நவம்பரில் கையெழுத்திடலாம்," என்று முடித்திருந்தாள்.

மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, கைபேசியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அதை வாசித்தார். முறைப்படி பெற்றோரிடம் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள், பண்பான மனுசி என்று மனதுக்குள் மெச்சினார். மெச்சிவிட்டுத் தன் சட்டப்படி பதில் எழுதினார். மகளுக்கு வேறிடம் பேசி முடித்துவிட்டோம், எங்களுடையது சொன்ன சொல் மாறாத குடும்பம், இனித் தொடர்புகொள்ள வேண்டாம். கடைசியில் பழக்க தோசத்தில் அந்த வரியையும் போட்டார்: பிள்ளைக்கும் இதில் பூரண சம்மதம்.

அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து ஆட்களை ஏற்றினார். அன்றைக்கு மனது நிறைந்திருந்தது. நல்ல இடமொன்று தேடி வந்தும் வாக்கு மாறாத தன்னைப் பற்றி, ஹவுகெட்டோ போய்ச் சேரும் வரைக்கும் தானே பெருமைப்பட்டுக்கொண்டு போனார். வீட்டில் மூச்சு விடவில்லை.

நவம்பர் வந்தது. கையெழுத்துப் பத்திரம் வரவில்லை. அணிக்கு எத்தனை பேர் என்பதில் ஏதோ விதி மாறியிருக்கிறது, நத்தார் பண்டிகைக்குப் பிறகு அனுப்புகிறேன், யோசிக்காதே என்றார் டானியல். தர்மிகா யோசித்தாள். தகப்பன் யோசிக்கவில்லை. "அந்தாள் நெஞ்சில கை வைச்சுச் சொன்னது. எழுத்து எல்லாம் சும்மா சம்பிரதாயம்," என்றார். பதிவுத் திருமணம் பிந்தினால் மாப்பிள்ளை வீட்டுக்காரரைப் பெண் வீட்டாரிடம் விட்டுக்கொடுக்காமல் பேசுவாரே, அதே குரல்.

தை மாதம் இரண்டாம் கிழமை டானியல் அதைவிடப் பெரிய பல்கலைக்கழகமொன்றுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தன்னோடு தன் காப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தர்மிகாவுக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல், அதில் அவளுடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அவள் டானியலை அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தொடர்ந்து உழை, உன்னை நம்புகிறேன் என்றிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அன்றைக்குத் தர்மிகா சாப்பிடவில்லை. கையுறை இரண்டையும் கழுவிக் குளியலறைக் குழாயில் கொழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். ஜெயரத்தினம் வரவேற்பறையில் நின்று டானியலை வாய்க்கு வந்தபடி திட்டினார். மனுசனா அவன், நெஞ்சில கை வைச்ச நாய் என்று கத்தினார். கமலாதேவி முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை முடித்து வந்த களைப்போடு சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அவனைப் பேசி என்ன? அந்தப் பிள்ளை றெபேக்கா முதலே சொன்னவள்தானே. நாலு இடத்தையும் சாத்த வைச்சது ஆர்?"

நாலு இல்லை, ஐந்து. அது அவருக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் அதே கடைசித் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு ஹானாவுக்கு எழுதினார். சூழ்நிலை மாறிவிட்டது, உங்களுக்கு இன்னும் விருப்பமென்றால் மகளோடு பேசலாம். சொன்ன சொல் மாறாத குடும்பம் என்ற வரி இந்த முறை இல்லை. இரண்டு நாளில் பதில் வந்தது. நவம்பரிலேயே டென்மார்க் பிள்ளையொருத்தி கையெழுத்திட்டுவிட்டாள், இடமில்லை. "உங்கள் மகளைத்தான் முதலில் விரும்பினேன். வருந்துகிறேன்," என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியை மொழிபெயர்க்க அவருக்குக் கைபேசி தேவைப்படவில்லை.

அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். உள்ளரங்கப் போட்டி நாளில் பிரசாந் தோளில் தட்டி, "அண்ணை, தங்கச்சிக்கு எப்ப பிளைட்?" என்று கேட்டபோது, "ஓகஸ்ட்," என்று வாய் கூசாமல் சொன்னார்.

தர்மிகா படுத்தே கிடக்கவில்லை. நான்கு நாள் கழித்து எழும்பி, முப்பத்தொரு பயிற்றுநர்களின் பெயரைத் தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொருவருக்கும் காணொளி அனுப்பினாள். இடமில்லை என்று பதில் வர வர ஒவ்வொரு பெயராகக் கோடு இழுத்தாள். மாசி பிறந்தபோது பதினாறு கோடு விழுந்திருந்தது. ஒரு பின்னேரம் தகப்பன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது, தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, செப்டம்பரில நான் எவ்வளவு நல்லா விளையாடினனான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்ச்சில ரெண்டு பெனல்ட்டி பிடிச்சனான். அமெரிக்காவிலயிருந்து ஒரு கோச் வந்து நிண்டவ எண்டும் கதைச்சவை. உங்களட்டை ஒருத்தரும் என்னைப் பற்றிக் கேக்கேல்லையா?"

ஹானா கேட்டாளே, கேட்டாள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மகள் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், இரண்டு கிழமை பேசாமல் இருந்திருப்பாள், அதோடு போயிருக்கும். ஜெயரத்தினம் கோப்பைக்குள் சீனியைப் போட்டுக் கலக்கினார்.

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப நான்தான் காணாது போல, என்ரை திறமை போதாது," என்றாள் அவள். கோபமில்லாமல், கணக்கில் விடை சரிபார்த்த மாதிரி சொன்னாள். பதினேழாவது பெயருக்குக் கோடு இழுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. கல்யாணப் பேச்சுக்கு இரண்டு குடும்பங்கள் வந்து கேட்டபோதும், சுகமில்லை என்று திருப்பி அனுப்பினார்.

பங்குனியில் பனி உருகி வீதியெல்லாம் சேறாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் தாண்டிய நேரம். மோர்டென்ஸ்ருட்டில் பேருந்து புறப்பட இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. தள்ளுவண்டிப் பையோடு ஒரு நொர்வேஜியக் கிழவியும், காதில் பாட்டுக் கேட்கும் கருவி மாட்டிய இரண்டு பையன்களும் ஏறி இருந்தார்கள். முன்கதவால் தர்மிகா ஏறினாள். பள்ளிக்கூடம் முடியவில்லையே என்று அவர் நினைப்பதற்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று கைபேசியை எடுத்தாள்.

"இருபத்தேழாவது ஆள் பதில் எழுதியிருக்கிறா," என்றாள். "ஹானா."

ஜெயரத்தினம் முன்கதவைச் சாத்தினார்.

"என்னை நல்லா ஞாபகம் இருக்காம். செப்டம்பரில உங்களுக்கு எழுதினவவாம். தான் அக்கறை இல்லாமல் விட்டது எண்டு நான் நினைக்கக்கூடாதாம். அதுக்காக நீங்கள் எழுதினதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறா."

அவருடைய ஆங்கிலத்தை அவர் முன்னாலேயே வாசித்தாள். அவர் விட்ட பிழைகளைத் திருத்தாமல் வாசித்தாள். சொன்ன சொல் மாறாத குடும்பம். இனித் தொடர்புகொள்ள வேண்டாம். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

"பிள்ளைக்கும் இதில பூரண சம்மதம். எப்ப அப்பா என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"சொல் குடுத்தாச்செல்லோ பிள்ளை. உன்ரை மனம் குழம்பக்கூடாது எண்டுதான்..."

"எனக்கு ஒருத்தரும் கலியாணம் பேசேல்லை. நான் கோலுக்கை நிக்கக் கேட்டனான்."

கிழவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தமிழ் விளங்காவிட்டாலும் அந்தக் குரல் யாருக்கும் விளங்கும்.

"தையில திரும்பவும் எழுதியிருக்கிறியள். அதையும் அனுப்பியிருக்கிறா. அப்ப அந்தச் சொல் மாறாத குடும்பம் எங்க போனது?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

"அதுகூடப் பரவாயில்லை," என்றாள் தர்மிகா. இப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. "நான் உங்களட்டை நேர கேட்டனான். குசினிக்கை. ஒருத்தரும் கேக்கேல்லையா எண்டு. இல்லை எண்டனீங்கள். நான் காணாது எண்டு சொன்னனான். அதையும் கேட்டுக்கொண்டு நிண்டு தேத்தண்ணி குடிச்சனீங்கள். ஆறு கிழமையா நான் காணாது எண்டு நினைச்சுக்கொண்டு எழும்பினனான் அப்பா, ஒவ்வொரு நாளும்."

ஜெயரத்தினத்துக்கு அழுகை வந்தது. சீருடையோடு, ஆட்கள் பார்க்க அழுவதற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. டானியலைத் திட்டியபோது அவருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். அந்த மனுசன் நெஞ்சில் கை வைத்துவிட்டு வேறெங்கோ போனான். இவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைவிடக் கேவலமானதைச் செய்திருந்தார்.

தர்மிகா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கோச் எடுக்கிறார். சின்ன இடம். மூண்டாவது கீப்பராத்தான் எடுப்பினம், முதல் வருசம் விளையாடக் கிடைக்காது. ஆனால் இடம் இருக்கு. தாய் தேப்பனோடையும் கதைக்கிறது அவரின்ரை வழக்கமாம். உங்கட ஈமெயிலைக் கேட்டவர்."

"நான் ஒண்டும் எழுத மாட்டன் பிள்ளை." அவர் அவசரமாகத் திரும்பினார். "நீ என்ன சொல்லுறியோ அதுதான். இனி உன்ரை காரியத்தில தலையிட மாட்டன். இது அப்பான்ரை சொல்."

சொல்லும்போதே கை தானாக எழும்பி நெஞ்சுக்குப் போய்விட்டது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கியது. கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தார்.

"சொல் வேண்டாம்," என்றாள். "எழுதித் தாங்கோ."

விளையாடுகிறாளாக்கும் என்று அவர் நினைத்தார். அவள் புத்தகப்பையைத் திறந்து, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பேனையையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

"தமிழிலயே எழுதுங்கோ. இங்கிலீஷில எழுதிப்போட்டு, பிழையா விளங்கிட்டுது எண்டு பிறகு சொல்லுவியள். பத்து வருசம் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டனீங்கள்தானே. வாசிப்பன்."

நேரம் ஆகிவிட்டிருந்தது. பின்னாலிருந்த பையன்களில் ஒருவன் கைபேசியில் மணி பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் புறப்படும் நேரம் தவறவிடாத ஜெயரத்தினம், ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதினார். தர்மிகாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவளுக்குச் சொல்லாமல் நான் பதில் எழுத மாட்டேன். அவளுக்கு வந்ததை மறைக்க மாட்டேன். அவள் சார்பில் சம்மதம் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கின் வளைவில் எழுத்துக் கோணிக்கொண்டு போனது. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

அவள் எழுத்துக்கூட்டி, கோணல் விரலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஓட்டி, நிதானமாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று அவர் ஒரு கணம் நினைத்தார்.

"திகதி போடேல்லை," என்று தாளைத் திருப்பி நீட்டினாள்.